பெங்களூரிலிருந்து கேல்ஸ்டைன்ஹவுஸ்: முதன்முறை செல்வோருக்கான வழிமுறை

ஜெர்மனியின் பவேரிய ஆல்ப்ஸ் மலையில், 1,834 மீட்டர் உயரத்தில் நிற்கும் இந்த வீட்டை ஹிட்லரின் நெருங்கிய உதவியாளர் மார்ட்டின் போர்மன் முன்னின்று கட்டுவித்தார். சுற்றுலா விளம்பரங்களில் ‘ஈகிள்ஸ் நெஸ்ட்’ என்று காண்பது இதுவே.

முதலில் நாளைத் தீர்மானியுங்கள். மே நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் வரைதான் இது திறந்திருக்கும் என்பதால், நம் ஊர்ப் பள்ளிகளின் ஏப்ரல் விடுமுறை இதற்கு உதவாது. தசரா விடுமுறை பொருந்தும். ஜெர்மனி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே பெங்களூரில் விண்ணப்பிக்கலாம்.

மியூனிக்கிலிருந்து ரயிலேறி, ஃப்ரைலாசிங்கில் வண்டி மாறி, பெர்க்டெஸ்காடன் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து 838 எண் பேருந்தில் மலைச்சரிவிலுள்ள ஓபர்சால்ஸ்பெர்க் செல்லுங்கள்.

அடுத்த படியைத்தான் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். மேலே செல்லும் பேருந்துக்கு வரிசையில் நிற்பதற்கு முன், அருகிலுள்ள ஆவண மையத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். 1999-இல் திறக்கப்பட்ட அம்மையம், இம்மலைச்சரிவில் வாழ்ந்த குடும்பங்கள் வெளியேற்றப்பட்டதையும், ஹிட்லர் இங்கே வசித்தபடியே ஆட்சி நடத்தியதையும், அந்த ஆட்சி செய்த இனப்படுகொலையையும் ஆவணங்களோடு காட்டுகிறது. போர்க்காலச் சுரங்க அறைகளும் அதனோடு சேர்ந்தவை. மலையுச்சியில் இருப்பது பெரும்பாலும் ஓர் உணவகமும் நல்ல காட்சியுமே ஆகையால், இதைப் பார்க்காமல் மேலே போகிறவருக்கு அது இன்னொரு மலைவாசத்தலமாகவே தோன்றும்.

பிறகு மேலே செல்லுங்கள். தனியார் வாகனங்களுக்கு அனுமதியில்லை. சுமார் ஆறரை கிலோமீட்டர் மலைப்பாதையில், ஐந்து குகைவழிகளைக் கடந்து செல்லும் சிறப்புப் பேருந்துக்குத் தனிச்சீட்டு வாங்க வேண்டும். இறங்கியவுடன் திரும்பும் பேருந்தின் நேரத்தைப் பதிவு செய்துகொண்டு, 124 மீட்டர் நீளச் சுரங்கப்பாதையில் நடந்தால், ஏறக்குறைய அதே உயரம் ஏற்றிச்செல்லும் பித்தளைத் தகடு பதித்த லிஃப்ட் வரும். கோடையிலும் குளிரும், கம்பளிச்சட்டை அவசியம். மேகம் மூடியிருந்தால் எதுவும் தெரியாது, எனவே வானிலையைக் கீழேயே கேட்டறிந்து சீட்டு வாங்குங்கள்.

உள்ளே முசோலினி பரிசளித்த சிவப்புப் பளிங்குக் கணப்படுப்பைக் கவனியுங்கள். 1945-இல் வந்த நேச நாட்டு வீரர்கள் நினைவுப் பொருளாகப் பெயர்த்தெடுத்த இடங்களில் அதன் ஓரங்கள் சிதைந்திருக்கும். ஹிட்லர் இங்கே அடிக்கடி வந்ததில்லை என்பதையும் வழிகாட்டிகள் சொல்வார்கள். படம் எடுக்கும்போது விளையாட்டுக்காகக்கூட நாஜி வணக்கம் வைக்க வேண்டாம் என்று உடன் வரும் இளைஞர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள். ஜெர்மனியில் அது தண்டனைக்குரிய குற்றம்.