மோட்டார்ஹோமுக்குள் ஜி.பி.எஸ். சிக்னல் தடையின்றிக் கிடைக்க

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் சிக்னல் தரையை எட்டும்போது மிகவும் நலிந்துவிடுவதால், மெல்லிய உலோகத் தகடுகூட அதைத் தடுத்துவிடும். ஐரோப்பிய மோட்டார்ஹோம்கள் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டிகள்) பலவற்றின் சுவரும் கூரையும் அலுமினியத் தகடு போர்த்தியவை. கண்ணாடியிழைக் கூரை அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. ஃபியட் டுகாட்டோ போன்ற வேன்மீது கட்டப்பட்ட வண்டியில் ஓட்டுநர் இருக்கைக்கு மேலே படுக்கை துருத்திக்கொண்டிருந்தால், முன்கண்ணாடி வழியே தெரியும் வானமும் குறுகிப்போகும்.

ஆகவே, புதிய வழிகாட்டிக் கருவி வாங்குவதற்கு முன் சிக்னல் எங்கே தடைபடுகிறது என்று பாருங்கள். செயற்கைக்கோள் வாரியாகச் சிக்னல் வலிமையைக் காட்டும் செயலி ஒன்றை ஆண்ட்ராய்டு போனில் திறந்து, திறந்தவெளியில் வண்டிக்கு வெளியேயும், பிறகு டேஷ்போர்டின் மேலும் வைத்து ஒப்பிடுங்கள். வெளியே 40 டெசிபல்-ஹெர்ட்ஸ் (சிக்னல் வலிமையின் அலகு) காட்டிய செயற்கைக்கோள்கள் உள்ளே 25-க்குக் கீழே இறங்கினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது முன்கண்ணாடியை. வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய கண்ணாடிகள் சிக்னலையும் தடுக்கும். அவற்றில் பலவற்றில், பின்புறம் பார்க்கும் கண்ணாடிக்கு அருகே பூச்சில்லாத சிறு பகுதி விடப்பட்டிருக்கும். கருவியை அதன் பின்னால் பொருத்தினாலே போதுமானதாக இருக்கலாம். இரவில் மாட்டும் வெள்ளி நிறத் திரைகளைக் கழற்றிய பிறகே சோதியுங்கள்.

அடுத்து, யூ.எஸ்.பி. சார்ஜரையும் டேஷ்கேமையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். மலிவான சார்ஜர்கள் எழுப்பும் மின் இரைச்சல் பலரும் நினைப்பதைவிடப் பெரிய தொல்லை. அணைத்ததும் எண்கள் ஏறினால் கோளாறு அங்கேதான்.

இவை பயன் தராவிட்டால் வெளி ஆன்டெனாதான் நிலையான தீர்வு என்பது என் கருத்து. ஆனால் உங்கள் கருவியில் அதன் கேபிளைச் செருகும் துளை இருக்கிறதா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். காந்த அடிப்பாகம் கொண்ட ஆன்டெனா எஃகுக் கூரையில்தான் ஒட்டும், அலுமினியத்திலோ கண்ணாடியிழையிலோ ஒட்டாது. கண்ணாடியிழைக் கூரையானால் உள்ளங்கை அளவு எஃகுத் தகட்டைப் பசையால் ஒட்டி, அதன்மேல் ஆன்டெனாவை வைப்பது நல்லது. சோலார் பேனலும் ஏ.சி. பெட்டியும் வானத்தை மறைக்காத இடமாகத் தேர்ந்தெடுங்கள். மெல்லிய கேபிளில் ஒவ்வொரு மீட்டருக்கும் சிக்னல் குறைவதால், உள்ளேயே பெருக்கி உள்ள ஆன்டெனாவாக வாங்குங்கள். கூரையில் புதிதாகத் துளையிடாமல், சோலார் கேபிள் இறங்கும் வழியிலேயே இதையும் இறக்கி நன்றாக அடைத்துவிடுங்கள். மோட்டார்ஹோமில் நீர்க்கசிவு பழுதுபார்க்கக் கடினமானது.

ஆன்டெனா செருகும் துளையில்லாத டேப்லெட்டுக்கும் போனுக்கும், வானம் நன்றாகத் தெரியும் இடத்தில் ஒரு புளூடூத் ஜி.பி.எஸ். ரிசீவரை வைத்து இணைக்கலாம். ஆண்ட்ராய்டில் இதற்கு, டெவலப்பர் அமைப்புகளில் அந்த ரிசீவரின் செயலியை இருப்பிடம் தரும் செயலியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த ஏற்பாடானாலும், செயற்கைக்கோள் தன் பாதைத் தகவலை 30 விநாடிக்கு ஒருமுறைதான் அனுப்புகிறது. நெடுநாள் அணைந்திருந்த கருவி அதை இடையறாமல் பெற, புறப்படுமுன் ஓரிரு நிமிடங்கள் வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தி வையுங்கள்.