ஏழுகிணற்றில் வள்ளலார் வாழ்ந்த வீட்டைப் பார்க்கச் செல்வோருக்கு

பேருந்துப் பலகையில் 'வள்ளலார் நகர்' என்று எழுதியிருந்தாலும், வடசென்னையில் பலர் அந்த நிறுத்தத்தை இன்னமும் 'மின்ட்' என்றே சொல்கிறார்கள். அங்கே இறங்கி, தங்கசாலைத் தெருப் பக்கமாக நடந்து, ஏழுகிணறு வீராசாமித் தெரு எங்கே என்று விசாரியுங்கள். நெருக்கமான குடியிருப்புப் பகுதி என்பதால் வண்டியைத் தவிர்த்து, காலை வேளையில் நடந்தே செல்வது நல்லது.

1823-இல் மருதூரில் பிறந்து, தந்தையை இழந்து, குழந்தைப் பருவத்திலேயே சென்னைக்கு வந்துவிட்ட இராமலிங்கர், 1858-இல் இந்நகரைவிட்டுப் புறப்படும் வரை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்த வீடு இது. அருங்காட்சியகத்துக்குரிய ஏற்பாடுகளை எதிர்பார்க்காமல், பெரியவர் ஒருவரின் வீட்டுக்குப் போகும் மனநிலையோடு செல்லுங்கள். செருப்பை வெளியே விட்டு, பொறுப்பில் இருப்பவரிடம் அனுமதி கேட்ட பிறகே உள்ளே செல்வதும் படம் எடுப்பதும் முறையாகும்.

மாடியறைக்கு நேரம் ஒதுக்குங்கள். பள்ளிப் படிப்பில் மனம் ஒன்றாத சிறுவன், நிலைக்கண்ணாடி ஒன்றை வைத்து விளக்கேற்றித் தியானித்ததும், அந்தக் கண்ணாடியில் முருகனைக் கண்டதும் அங்கேதான் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. எனக்கு அதைவிட நெருக்கமானது திண்ணைக் கதை. திருவொற்றியூர்க் கோயிலிலிருந்து நள்ளிரவில் திரும்பியவர், கதவைத் தட்டி யாரையும் எழுப்ப மனமின்றிப் பசியோடு திண்ணையில் படுத்துவிட, வடிவுடையம்மனே அண்ணியின் உருவில் வந்து சோறிட்டாள் என்பார்கள். அதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால், சாதி சமய வேறுபாடு பாராமல் பசித்தவருக்கெல்லாம் சோறிட 1867-இல் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கியவர், பசியை இந்தத் தெருவிலேயே அறிந்திருந்தார் என்று எண்ணியபடி அங்கே சிறிது நேரம் நில்லுங்கள்.

வீட்டோடு பயணத்தை முடித்துவிடாதீர்கள். அவர் தெய்வமணிமாலை பாடிய கந்தகோட்டம் நடக்கும் தொலைவில்தான் இருக்கிறது. நண்பகலில் நடை சாத்துவதற்கு முன் போய்விடுங்கள். மாலையில் மண்ணடியில் மெட்ரோ ஏறி, திருவொற்றியூர் தேரடியில் இறங்கினால் வடிவுடையம்மன் கோயில் அருகிலேயே உள்ளது. அவர் கால்நடையாகவே போய்வந்த தூரம் அது. உடல் இடங்கொடுப்பவர்கள் ஒரு வழியையாவது நடந்து பார்க்கலாம்.