பக்கத்து வீட்டு நாய் ஓயாமல் குரைத்தால்

சண்டைக்குப் போகும் முன் அது எப்போது குரைக்கிறது என்று கவனியுங்கள். நான் நைட் டூட்டி பார்க்கிற நர்ஸ். காலையில் வந்து படுத்தால் மதியம் வரை தூங்கியாக வேண்டும். மதுரையில் என் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே, சுவருக்கு அந்தப் பக்கம் கட்டிக் கிடப்பது மணி. சிப்பிப்பாறை வேட்டை நாய். அந்த வீட்டுப் பையன் ஆசைப்பட்டு வாங்கியது. அவன் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனதும் நாய் சங்கிலியிலேயே நின்றுவிட்டது. ஓடுவதற்கென்றே பிறந்த சாதி அது, முயல் விரட்டின வம்சம். அதை இரண்டடிச் சங்கிலியில் போட்டால் கத்தாமல் என்ன செய்யும்?

முதல் வேலை, ஒரு வாரம் போனில் குறித்து வையுங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறது, எப்போது ஓய்கிறது, அப்போது என்ன நடந்தது. “எந்நேரமும் குரைக்குது” என்று போய் நின்றால், “நாய்னா குரைக்கத்தான் செய்யும்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். “நீங்க வண்டி எடுத்துட்டுப் போனதும் ஆரம்பிச்சு பதினொரு மணி வரைக்கும் விடல அண்ணே” என்றால் காது கொடுத்துக் கேட்பார்கள். காரணமும் அந்தக் குறிப்பிலேயே கிடைக்கும். கேட் பக்கம் ஆள் போகும்போது மட்டும் குரைத்து நின்றால் அது காவல். அதைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் எல்லோரும் கிளம்பியதும் ஒரே சுருதியில் கத்தி, இடையிடையே ஊளையும் விட்டால் தனிமை. உச்சிவெயிலில் முனகலோடு வந்தால் தண்ணீரையும் நிழலையும் பாருங்கள். சொறிந்து சொறிந்து குரைத்தால் உண்ணி.

அடுத்தது, யாரிடம் பேசுவது. பெரும்பாலும் வீட்டுக்காரரிடம் போய் நிற்போம். அவருக்கு அது மானப் பிரச்சினையாகிவிடும். சோறு வைக்கிற ஆளைப் பிடியுங்கள். மணி வீட்டில் அது அப்பத்தா. மூட்டுவலி, குனிய முடியாது. பழைய சோற்றைத் தள்ளி நின்று தட்டில் கொட்டிவிட்டுப் போய்விடுவார். நான் என் தூக்கத்தைப் பற்றிப் பேசவில்லை. “அப்பத்தா, மணிக்குத் தொண்டையே கட்டிப்போச்சு, தண்ணி இருக்கான்னு பார்ப்போமா?” என்றுதான் ஆரம்பித்தேன். அவரும் என்னைப் போலவே அந்தச் சத்தத்தில் நொந்துபோயிருந்தார்.

போய்ப் பார்த்தால் அலுமினியச் சட்டி கவிழ்ந்து கிடந்தது. நாய் திரும்பும்போதெல்லாம் சங்கிலி சட்டியை இழுத்துத் தட்டிவிடும். காலையில் ஊற்றிய தண்ணீர் அரை மணி நேரத்தில் தரையில். இதைப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். பதினைந்து இருபது கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் வேண்டும், சித்திரை வெயிலில் அதற்கும் மேல். கொல்லையில் சும்மா கிடந்த ஆட்டுக்கல்லை மணி பக்கத்தில் உருட்டி வைத்தோம். குழி நிறைய ஊற்றினால் எந்தச் சங்கிலியாலும் கவிழ்க்க முடியாது. சிப்பிப்பாறையின் ஒல்லி முகத்துக்கு அந்தக் குழி அளவெடுத்த மாதிரி. தினமும் தேய்த்துக் கழுவி ஊற்றுங்கள், இல்லையென்றால் பாசியும் கொசுப்புழுவும்தான்.

நிழலையும் மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். காலையில் நிழலாக இருந்த இடம் அப்போது சுட்டுக்கொண்டிருக்கும். மேலே சிமென்ட் ஷீட் இருந்தால் அதன் மேல் தென்னங்கீற்று போடலாம். கேட் கம்பி வழியே தெருவைப் பார்த்தே குரைக்கிற நாய் என்றால், கேட்டின் கீழ்ப்பாதியில் பச்சை வலை கட்டினாலே பாதி சத்தம் குறையும். இந்தச் சாதி கண்ணால் வேட்டையாடுவது. பார்வையை மறைத்தால் கொஞ்சம் அடங்கும்.

சங்கிலியை ஒரேயடியாக அவிழ்க்கச் சொன்னால் எந்த வீட்டிலும் கேட்க மாட்டார்கள். இரண்டு தூணுக்கு நடுவே கம்பி இழுத்து, சங்கிலி முனையை ஒரு வளையத்தில் மாட்டி அதில் ஓடவிடலாம். கம்பியின் இரண்டு பக்கமும் முடிச்சோ கட்டையோ வைத்து நிறுத்துங்கள், தூணைச் சுற்றிச் சிக்கிக்கொள்ளாமல் இருக்க. தாண்டிக் குதிக்கிற தூரத்தில் சுவர் இருக்கவே கூடாது. குதித்தால் அந்தப் பக்கம் கழுத்தில் தொங்கும்.

தெருவில் நாய்ப் பைத்தியமாக ஒரு பையன் இருப்பான். அவனை வெயில் ஏறுமுன் அரை மணி நேரம் கூட்டிப்போகச் சொல்லுங்கள், வீட்டுக்காரர் சம்மதத்தோடு. கயிற்றை மட்டும் விடக் கூடாது. ஒரு பூனை தெரிந்தால் போதும், பிடிக்க முடியாது. அதற்கும் முன்னால் வெறிநாய்த் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். கவனிப்பில்லாத நாய் யாரையும் கடிக்கலாம். பல்லோ நகமோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். மஞ்சள் தடவி வருகிறவர்களை நான் வார்டில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

உண்ணிக்கு மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டு மருந்து வாங்குங்கள். சுவருக்கு மேலே பிஸ்கட், எலும்பு எறிவதையும் விடுங்கள். நாளை அதற்கு வாந்தி வந்தால் பழி உங்கள் தலையில். மொட்டைக் கடிதம் போட்டால் தெருவிலிருக்கும் எல்லார் மேலும் சந்தேகம் விழும்.

பேசிப் பேசியும் அசையவில்லை என்றால் சட்டம் இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11: எப்போதும் கட்டிவைத்த நாய்க்கு நடையே கொடுக்காததும், போதிய உணவு, தண்ணீர், இருப்பிடம் தராததும் குற்றம். அபராதத்தைக் கேட்டால் சிரிப்பு வரும்: முதல் தடவைக்கு 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஆனால் ஸ்டேஷனில் மனு கொடுத்து ரசீது வாங்கிவிட்டால் விசாரிக்கக் கூப்பிடுவார்கள், பெரும்பாலும் அதுவே போதும். சத்தம் பொதுத் தொல்லையாகவே ஆகிவிட்டால், கோட்டாட்சியரிடம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 152இன்படி மனு போடலாம். பல வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டால் வலு. சென்னைக்காரர்கள் மாநகராட்சியின் 1913 என்ற எண்ணுக்கு அழைத்து, நாய்க்கு உரிமம் எடுத்திருக்கிறார்களா என்றும் கேட்கலாம். அடுக்குமாடிச் சங்கங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும்: குரைக்கிறது என்று காரணம் காட்டி நாய் வளர்ப்பதையே தடை செய்ய முடியாது, விலங்குகள் நல வாரியம் 2015இலேயே சொல்லியிருக்கிறது. “ஒரு உருண்டை வச்சா முடிஞ்சுது” என்று ஆலோசனை சொல்ல எல்லாத் தெருவிலும் ஒருவர் உண்டு. விஷம் வைத்துக் கொன்றால் பாரதிய நியாய சன்ஹிதா (தண்டனைச் சட்டம்) பிரிவு 325, ஐந்து ஆண்டு வரை சிறை.

சில வீடுகளில், “அவ்வளவு அக்கறைன்னா நீங்களே கொண்டுபோங்க” என்பார்கள். கோபத்தில் சொன்னதா, நிசமாகவே சொன்னதா என்று இரண்டு நாள் விட்டுக் கேளுங்கள். நிசமென்றால் ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவர மட்டும் சம்மதிக்காதீர்கள். கட்டியே வளர்ந்த நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. தோட்டம் வைத்திருப்பவர்களுக்குச் சிப்பிப்பாறை மேல் எப்போதும் ஒரு கண் உண்டு. கேட்கிறவர் இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். அங்கேயும் ஒரு சங்கிலி தயாராகக் கிடந்தால் வேறு ஆளைத் தேடுங்கள். இடம் சரியென்றால், ஹாஸ்டலில் இருக்கும் பையனுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டு, தடுப்பூசி அட்டையோடு கொடுங்கள்.