உருளைக்கிழங்கு பான்கேக்: தண்ணீரைப் பிழியுங்கள், மாவுச்சத்தை விடாதீர்கள்

ஓரமெல்லாம் பொன்னிறமாக மொறுமொறுத்து, நடுவில் மெத்தென்று வெந்திருக்க வேண்டிய உருளைக்கிழங்கு பான்கேக் பல சமையலறைகளில் தொளதொளவென்று எண்ணெய் குடித்துத்தான் தட்டுக்கு வருகிறது. காரணம் தண்ணீர். உருளைக்கிழங்கின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். அது வாணலிக்குள் போனால் எண்ணெயின் சூடெல்லாம் அதை ஆவியாக்குவதிலேயே கரைந்துபோகும். பிறகு அங்கே நடப்பது பொரிப்பு அல்ல, அவியல்தான்.

அதனால் துருவலைப் பிழிந்தாக வேண்டும். பிழியும்போது தண்ணீரோடு மாவுச்சத்தும் வெளியேறுகிறது. துருவலை ஒன்றோடொன்று பிடித்து வைக்கும் பசை அதுதான். தண்ணீரை விரட்டி, மாவுச்சத்தை மட்டும் மீட்டுத் திரும்பச் சேர்த்துவிட்டால் வேலையில் முக்கால்வாசி முடிந்தது. முட்டை, மைதா, வாணலி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அளவு

நான்கு பேருக்கு, உள்ளங்கை அகலத்தில் 16 முதல் 18 பான்கேக் வர: உருளைக்கிழங்கு 1 கிலோ (தோல் சீவினால் 850 கிராம் அளவில் நிற்கும்), 150 கிராம் எடையுள்ள ஒரு பெரிய வெங்காயம், முட்டை 2, மைதா 2 முதல் 3 டேபிள்ஸ்பூன், உப்பு ஒன்றரை டீஸ்பூன், புதிதாகப் பொடித்த மிளகு அரை டீஸ்பூன், பொரிக்க எண்ணெய் 300 மில்லி அளவுக்கு. எண்ணெய் முழுவதும் செலவாகாது; ஆனால் குறைத்து ஊற்றினால் ஓரம் மொறுமொறுக்காது.

மைதாவின் அளவைக் கூட்டிக்கொண்டே போகத் தோன்றும். கூட்டாதீர்கள். மூன்று டேபிள்ஸ்பூனைத் தாண்டினால் கிழங்கின் சுவை பின்னுக்குப் போய், வாயில் மாவு ஒட்டும். கலவை நீர்த்திருந்தால் சரியாகப் பிழியவில்லை என்று பொருள். அதை மாவு போட்டு மறைக்க முடியாது.

எந்தக் கிழங்கு

மாவுச்சத்து மிகுந்த, வேகவைத்தால் பொடிந்து உதிர்கிற முதிர்ந்த கிழங்கு வேண்டும். தோல் மெலிதாக, வெட்டினால் மெழுகு போல வழவழப்பாக இருக்கும் இளங்கிழங்கு சாலடுக்கு நல்லது, இதற்கு ஆகாது. வாங்கி வைத்திருப்பது எந்த வகை என்று தெரியாவிட்டால் ஒரு சோதனை இருக்கிறது. கால் கப் உப்பை இரண்டே முக்கால் கப் தண்ணீரில் கரைத்து, அதில் கிழங்கைப் போடுங்கள். மாவுச்சத்து மிகுந்தது அடர்த்தி அதிகம் என்பதால் மூழ்கும், மற்றது மிதக்கும்.

ஃப்ரிட்ஜில் வைத்த கிழங்கைத் தவிர்ப்பது நல்லது. கடுங்குளிரில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடும். அப்படிப்பட்ட கிழங்கு உள்ளே வேகும் முன்பே வெளியே கருகும். லேசாகக் கசக்கவும் செய்யும். தீய்ந்த பகுதிகளில் அக்ரிலமைடு என்ற வேண்டாத சேர்மமும் கூடுதலாக உருவாகும். உணவில் அது இருப்பது 2002-இல் ஸ்வீடனில் வெளிவந்த ஆய்வால்தான் பரவலாகத் தெரியவந்தது. அதனால் எந்தக் கிழங்கானாலும் பொன்னிறத்தில் எடுத்துவிடுங்கள். அடர் பழுப்பு வரை விட வேண்டாம். பச்சை பாரித்த கிழங்கில் சோலனின் என்ற நச்சு சேர்ந்திருக்கும். சமையல் சூட்டில் அது பெரும்பாலும் அழியாது. லேசான பச்சை என்றால் அந்த இடத்தை ஆழமாக வெட்டி எறியுங்கள். அதிகம் பரவியிருந்தால் கிழங்கையே எறியுங்கள்.

துருவுவது

பெலாரஸில் செய்யும் ட்ரானிகிக்குக் கிழங்கைக் கூழ்போல நைசாகத் துருவுவார்கள். கிடைப்பது மெத்தென்ற, ஒரே சீரான பான்கேக். யூதர்களின் லாட்கேயைப் பலர் பெரிய துளையில் துருவுவார்கள்; ஓரங்களில் இழைகள் நீட்டிக்கொண்டு மொறுமொறுக்கும். இரண்டும் நல்ல வழிதான். ஆனால் முதல்முறை செய்பவர் முக்கால் பங்கைப் பெரிய துளையிலும் கால் பங்கை நைசாகவும் துருவுவதே பாதுகாப்பு. நைசான துருவல் பசையாக வேலை செய்யும், பெரிய துருவல் மொறுமொறுப்பைத் தரும். கிழங்கைத் துருவியில் நீளவாக்கில் படுக்க வைத்துத் தேய்த்தால் இழை நீளமாக விழும். நீள இழை ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் திருப்பும்போது உடையாது. ஃபுட் பிராசஸரின் துருவல் தட்டு தாராளமாகப் போதும். மிக்ஸியில் மட்டும் அரைக்காதீர்கள். அரைத்தால் அது மாவாகிவிடும், பிழிந்தாலும் துணியின் துளைகளை அடைத்துக்கொண்டு தண்ணீரை விடாது.

துருவிய கிழங்கு காற்று பட்டதும் முதலில் செம்பழுப்பாகும், பிறகு சாம்பல் நிறமாகும். வெங்காயத்தையும் கிழங்கையும் மாற்றி மாற்றித் துருவினால் வெங்காயத்தின் கந்தகச் சேர்மங்கள் இந்த நிறமாற்றத்தைத் தாமதப்படுத்தும். நிறம் மாறினாலும் கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம்; பொரித்த பின் வெளியே தெரியாது. துருவலைத் தண்ணீரில் ஊறவைத்துக் காப்பாற்றலாமே என்றால், வைக்கலாம்தான், ஆனால் மாவுச்சத்தும் கழுவிக்கொண்டு போய்விடும். அடியில் படிந்ததை மீட்டுச் சேர்த்தால் ஒழிய அது நட்டம்.

பிழிவது

மெல்லிய பருத்தித் துணி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். துருவலை மூன்று நான்கு பங்காகப் பிரித்துப் பிழியுங்கள். மொத்தத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் நடுவில் இருப்பது ஈரமாகவே நிற்கும். துணியின் முனைகளைச் சேர்த்து, ஒரு மரக்கரண்டியின் காம்பில் சுற்றி முறுக்கினால் கைவலி குறையும், பிழிவும் பலமாக இருக்கும். சொட்டு நின்ற பிறகு துணியைத் திறந்து, துருவலை ஒருமுறை கிளறிவிட்டு மீண்டும் முறுக்குங்கள். இந்த இரண்டாவது முறுக்கலைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், இதில்தான் வித்தியாசமே இருக்கிறது. ஒரு கிலோ கிழங்கிலிருந்து 200 மில்லிக்குக் குறையாமல் சாறு இறங்க வேண்டும். கையில் எடுத்தால் துருவல் ஈரப்பதத்தோடு உதிரியாக இருக்க வேண்டும். விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது.

சாறு ஒரு கிண்ணத்தில்தான் விழ வேண்டும். அதை அசைக்காமல் 10 நிமிடம் வையுங்கள். மேலே கலங்கிய செந்நிற நீரும், அடியில் விரலால் அழுத்தினால் இறுகி நிற்கிற வெள்ளைப் படிவும் பிரியும். மேல்நீரை மெதுவாகச் சாய்த்துக் கொட்டிவிட்டு, படிவைக் கரண்டியால் வழித்துத் துருவலில் சேருங்கள். கடையில் வாங்கும் எந்த மாவும் இதற்கு ஈடாகாது. படிவே இல்லை என்றால் ஒன்று கிழங்கு இளசு, இல்லை சரியாகப் பிழியவில்லை.

கலப்பது

படிவு சேர்த்த துருவலில் அடித்த முட்டை, மைதா, மிளகு போட்டு, எல்லா இழையிலும் படும்படி கையால் கலக்குங்கள். உப்பு கடைசியில், வாணலியில் எண்ணெய் சூடான பிறகுதான். உப்பு பட்டவுடன் கிழங்கு மீதியிருக்கும் நீரையும் வெளியே விடத் தொடங்கும். கால் மணி நேரத்தில் கிண்ணத்தின் அடியில் குளம் கட்டிவிடும். அப்படிக் கட்டினாலும் பதற்றம் வேண்டாம். ஒவ்வொரு கைப்பிடியையும் கிண்ணத்தின் ஓரத்தில் லேசாக அழுத்தி வடித்துவிட்டு வாணலியில் போடுங்கள்.

முட்டை வேண்டாம் என்றால் அதை விட்டுவிட்டு, 2 டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளோர் சேருங்கள். அப்போது நைசான துருவலின் பங்கைப் பாதியாக உயர்த்திக்கொள்ளுங்கள். கொரியாவின் காம்ஜாஜொன்னில் முட்டையும் கிடையாது, மைதாவும் கிடையாது. நைசாகத் துருவிய கிழங்கு, அதன் சாற்றில் படிந்த மாவு, உப்பு, அவ்வளவுதான். அப்படிச் செய்தது ஓரத்தில் மொறுமொறுத்து, நடுவில் இழுபடும் பதத்தில் இருக்கும். மைதாவுக்குப் பதில் அரிசி மாவு போட்டால் மொறுமொறுப்பு சற்றுக் கூடும். பேக்கிங் பவுடர் தேவையில்லை.

பொரிப்பது

அடி கனமான, தட்டையான வாணலி. இரும்பு என்றால் மிக நல்லது. குளிர்ந்த கலவை விழுந்தாலும் சூடு சட்டென்று இறங்காது. எண்ணெய் அரை சென்டிமீட்டர் உயரம் நிற்க வேண்டும். சுத்திகரித்த சூரியகாந்தி அல்லது கடலை எண்ணெய் பொருத்தம். வெண்ணெயில் உள்ள பால்சத்து இந்தச் சூட்டில் கருகிவிடும். வெண்ணெயின் மணம் வேண்டுமென்றால் நெய்யாக ஒரு கரண்டி எண்ணெயோடு சேர்க்கலாம்.

சூடு 175 முதல் 185 டிகிரி செல்சியஸ். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் ஒரே ஒரு இழையைப் போட்டுப் பாருங்கள். போட்டதும் சுற்றிலும் குமிழிட்டு, அரை நிமிடத்தில் பொன்னிறமானால் சரி. சும்மா கிடந்தால் பொறுங்கள். உடனே கருத்தால் அடுப்பைக் குறையுங்கள்.

முதலில் ஒன்றே ஒன்றைப் பொரித்து ருசி பாருங்கள். உப்பு, கட்டுக்கோப்பு இரண்டும் அதிலேயே தெரிந்துவிடும். கலவையைத் திருத்த அதுதான் தருணம். பிறகு ஒரு பான்கேக்குக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் கலவை எடுத்து, எண்ணெயில் போட்டு, கரண்டியின் முதுகால் 7 மில்லிமீட்டர் தடிமனுக்கு மெல்ல அழுத்துங்கள். ஓரம் ஒழுங்கற்றுச் சிதறியிருந்தால் அப்படியே விடுங்கள். அந்தச் சிதறிய இழைகள்தான் மொறுமொறுக்கும். 26 சென்டிமீட்டர் வாணலியில் நான்குக்கு மேல் போட வேண்டாம்.

போட்டதும் தொடாதீர்கள். மூன்று முதல் நான்கு நிமிடத்தில் ஓரம் நல்ல பொன்னிறமாகி, கரண்டியைக் கொடுத்தால் தானாக வழுக்கிக்கொண்டு நகரும். ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் நேரமாகவில்லை. பிய்க்காமல் அரை நிமிடம் விடுங்கள். ஒரே ஒரு முறை திருப்பி, மறுபக்கம் மூன்று நிமிடம். திருப்பிய பிறகு அழுத்தினால் உள்ளே இருக்கும் ஆவி வெளியேறிய இடத்தில் எண்ணெய் நுழையும்.

ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் மிதக்கும் துகள்களை அரித்தெடுங்கள். அவை கருகினால் அடுத்த சுற்று முழுவதும் கசக்கும். எண்ணெய் குறைந்திருந்தால் ஊற்றி, மறுபடி சூடேறும் வரை காத்திருங்கள். இரண்டாவது சுற்று எண்ணெய் குடிப்பதற்குப் பெரும்பாலும் இந்தக் காத்திருப்பைத் தவிர்ப்பதே காரணம்.

பொரித்ததைக் கம்பி வலைத் தட்டில் வையுங்கள். காகிதத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கீழிருப்பதன் ஆவியே மேலிருப்பதை நமத்துப்போகச் செய்துவிடும். மொத்தத்தையும் ஒரே நேரத்தில் பரிமாற வேண்டுமென்றால் வலைத்தட்டோடு 110 டிகிரி ஓவனில் 20 நிமிடம் வரை வைக்கலாம்.

வெளியே நிறம் வந்து உள்ளே பச்சை வாடை அடித்தால் தடிமன் அதிகம் அல்லது தீ அதிகம். திருப்பும்போது உடைந்தால் மாவுச்சத்து போதவில்லை. மீதிக் கலவையில் ஒரு டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளோர் தூவிக் கலந்தால் சமாளித்துவிடலாம்.

எதோடு பரிமாறுவது

இது எண்ணெய்ப் பண்டம். பக்கத்தில் புளிப்போ இனிப்போ, குளிர்ச்சியாக ஏதாவது இருந்தே ஆக வேண்டும். யூதர்களின் ஹனுக்கா பண்டிகையில் லாட்கேயோடு ஆப்பிள் மசியலும் புளித்த கிரீமும் வைப்பார்கள். ஜெர்மனியின் ரைன்லாந்தில் ஆப்பிள் மசியலோ, ஆப்பிளைக் காய்ச்சி எடுத்த கெட்டிப் பாகும் கறுப்பு ரொட்டியுமோ துணை. பெலாரஸில் ஸ்மெத்தானா என்ற புளித்த கிரீம். போலந்தில் சிலர் வெறும் சர்க்கரை தூவுவார்கள். வேறு சிலர் இறைச்சிக் குழம்பைச் சுற்றி மடித்துச் சாப்பாடாகவே ஆக்கிவிடுவார்கள். செக் நாட்டார் கலவையிலேயே பூண்டும் மார்ஜொரம் இலையும் போடுவதால் துணையே தேவைப்படாது. கொரியர்களுக்குச் சோயா சாஸில் வினிகர் கலந்த தொடுகறி.

ஆப்பிள் மசியல் செய்வது எளிது. புளிப்பான ஆப்பிள் நான்கைத் தோல் சீவி நறுக்கி, கால் கப் தண்ணீரோடு மூடி 15 நிமிடம் வேகவைத்து மசியுங்கள். சர்க்கரை ஒரு டேபிள்ஸ்பூன், எலுமிச்சைச் சாறு சில துளி. நன்றாக ஆறவைத்துப் பரிமாறுங்கள். சூடான பான்கேக்கின் பக்கத்தில் அது குளிர்ந்திருப்பதுதான் ருசி. புளித்த கிரீம் கிடைக்காவிட்டால் தண்ணீர் வடித்த கெட்டித் தயிரில் ஒரு சிட்டிகை உப்பு போதும். எதுவானாலும் பக்கத்தில் வையுங்கள், மேலே ஊற்ற வேண்டாம்.

மிஞ்சினால்

கலவையை மறுநாளைக்கு வைக்காதீர்கள், நீர்விட்டுக் கறுத்துப்போகும். பொரித்தது ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். 200 டிகிரி ஓவனில் வலைத்தட்டில் 8 முதல் 10 நிமிடம் வைத்தால் மொறுமொறுப்பு திரும்பும், மைக்ரோவேவில் திரும்பாது. முன்கூட்டியே செய்து வைப்பதானால் இளம் பொன்னிறத்தில் எடுத்து, ஆறவைத்து, தட்டில் ஒட்டாமல் பரப்பி உறையவிட்டு, பிறகு பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். வேண்டும்போது உறைநீக்காமல் நேராக 220 டிகிரி ஓவனில் 12 முதல் 15 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பிவிட்டு.