சீனச் செதுக்கு அரக்குப் பெட்டியை வாங்கும் முன்

சீனாவின் மிங் அல்லது சிங் அரச வம்சக் காலத்துச் சிவப்பு அரக்குப் பெட்டி என்று சொல்லி விற்கப்படும் பொருளை வாங்க நினைப்பவர்கள், செதுக்கிய பள்ளங்களின் பக்கச் சுவர்களை முதலில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்க வேண்டும். அரக்கு மரத்தின் பாலில் சாதிலிங்கம் என்னும் சிவப்பு நிறமியைக் கலந்து, ஒரு பூச்சு ஈரக் காற்றில் இறுகிய பின் அடுத்ததைப் பூசி, பல பத்து அடுக்குகள் சேர்ந்த பிறகே கத்தியை வைத்தார்கள் என்பதால், மெய்யான வேலைப்பாட்டில் கூரிய வெட்டு விளிம்புகளும், சிலவற்றில் மெல்லிய அடுக்குக் கோடுகளும் தெரியும். அச்சில் வார்த்த பிசின் போலிகளில் விளிம்புகள் மழுங்கியிருக்கும். வார்ப்பு இணைப்புக் கோடும் காணப்படலாம். புதிதாகச் செதுக்கியவையும் உண்டு என்பதால், இச்சோதனை பொருளின் வயதை உறுதிப்படுத்தாது.