வாடகை வீட்டை செக் பண்ண போறீங்களா? பரண்ல வாளி இருக்கான்னு பாருங்க

வாடகைக்கு விட்ட வீட்டை வருஷத்துக்கு ஒரு தடவையாவது போய் பாத்துடணும், ஆனா நம்ம ஹவுஸ் ஓனருங்க நிறைய பேர் போய் பாக்கறது வீட்டை இல்ல, வாசல்ல எத்தன செருப்பு கெடக்கு, சமையல்கட்டுல என்ன வாசனை வருது, சுவத்துல எத்தன ஆணி அடிச்சிருக்காங்க, இதத்தான். நானும் அப்படித்தான் இருந்தேன். குரோம்பேட்டைல எங்க மாடி போர்ஷன்ல இருந்த அக்கா பரண் மேல ஒரு வாளிய வச்சு ஆறு மாசமா சொட்டுத் தண்ணி புடிச்சிருக்காங்க, சொன்னா அட்வான்ஸ்ல கழிச்சிடுவேன்னு பயந்து வாயத் தொறக்கல. டேங்க் பைப்ல ஒரு எல்போ, அதாவது பைப் திரும்பற எடத்துல மாட்டற வளைவு, கசிஞ்சிருக்கு, அவ்ளோதான். நான் பாக்கும்போது சீலிங் கம்பி துரு புடிச்சு சிமெண்டு பெயர்ந்து, செலவு 30,000 தாண்டிருச்சு.

அதனால இப்பல்லாம் உள்ள போனதும் முதல்ல கேக்கறது, "எங்கயாவது ஒழுகுதா, எங்கயாவது ஷாக் அடிக்குதா, சொல்லுங்க, அட்வான்ஸ்ல கை வைக்க மாட்டேன்". பாதி வேலை அதுலயே முடிஞ்சிடும், அங்க குடியிருக்கறவங்களுக்குத் தெரியாத ஓட்டையா நமக்குத் தெரியப் போகுது.

சொல்லாம கொள்ளாம போய் காலிங் பெல் அடிக்காதீங்க. தமிழ்நாட்டு வாடகை சட்டம் 2017ல போட்டது, 2019 பிப்ரவரில அமலுக்கு வந்தது, அதுப்படி ஓனர் உள்ள வர்றதுக்கு 24 மணி நேரம் முன்னாடியே எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும். போறதுக்கு நல்ல நேரம் செப்டம்பர். அக்டோபர்ல மழை புடிச்சிட்டா கொத்தனாரும் கெடைக்க மாட்டார், சிமெண்டும் காயாது.

மொட்டமாடிலேர்ந்து ஆரம்பிங்க. தண்ணி எறங்கற பைப் வாய்ல இலை, பால் கவர் அடைச்சிருக்கும், கைய விட்டு எடுத்துட்டு ஒரு பக்கெட் தண்ணி ஊத்திப் பாருங்க, எங்க தேங்குதோ அங்கதான் கீழ ஓதம் வரும். சன்ஷேடு, கைப்பிடி சுவரு ஓரத்துல அரசங்கன்னு மொளைச்சிருக்கான்னு பாருங்க, சும்மா ஒடிச்சு விட்டா திரும்ப வரும், வேரோட எடுத்து அந்த விரிசல அடைக்கணும்.

அடுத்து பாத்ரூம், இங்க மட்டும் அவசரப்படாதீங்க. ஃப்ளஷ் டேங்க்ல நாலு சொட்டு நீலம் விட்டு பதினஞ்சு நிமிஷம் யாரும் ஃப்ளஷ் பண்ணாம வைங்க, கோப்பைல நீலம் எறங்கினா உள்ள வால்வு கசியுது, மோட்டார் அடிக்கடி போட வேண்டி வருதுன்னு சொல்றதுக்கு சில வீட்ல இதுதான் காரணம். டைல்ஸ விரலால தட்டுங்க, டொப்புனு காலியா சத்தம் வந்தா அடில பிடிப்பு விட்டிருக்கு. அப்புறம் பாத்ரூம் சுவத்தோட மறுபக்கம், அது பெரும்பாலும் பெட்ரூமாத்தான் இருக்கும், அங்க பெயிண்ட் ஊதியிருக்கா, உப்பு பூத்து மாவு மாதிரி கொட்டுதான்னு பாருங்க, பீரோவுக்குப் பின்னாடின்னா கொஞ்சம் நகத்திக் காட்ட முடியுமான்னு கேட்டுக்கோங்க. தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபுடிக்காம மேல பெயிண்ட் அடிச்சா காசு தண்டம், அடுத்த மழைக்கு அதுவும் உரிஞ்சிடும்.

கரண்ட்டுக்கு ரெண்டே டெஸ்ட். வீட்ல எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு மீட்டர்ல சிவப்பு லைட்டு சிமிட்டுதா பாருங்க, சிமிட்டினா எங்கயோ லீக் ஆகுது, இல்லன்னா ஏதோ ஒண்ணு இன்னும் ஓடுது. போர்டுல ஆர்சிசிபி, அதாவது கரண்ட் லீக் ஆனா தானா ஆஃப் ஆகற சுவிட்சு, இருந்தா டெஸ்ட் பட்டன அழுத்துங்க, டப்புனு விழணும், விழலன்னா அன்னைக்கே எலக்ட்ரீஷியன கூப்பிடுங்க. கீசர் சாக்கெட், ஏசி சாக்கெட் ஓரம் பழுப்பா உருகியிருந்தாலும் அதே கதைதான்.

மரத்துக்கு வீட்டுச்சாவி போதும், நெலப்படியும் கதவுச் சட்டமும் அடிலேர்ந்து தட்டிக்கிட்டே வாங்க, மண்ணுக்கோடு மாதிரி ஏறியிருந்தா கரையான், தொடைச்சு விட்டுட்டு போயிட்டா போகாது, மருந்து அடிக்கணும். கேஸ் ட்யூப்ல தேதி போட்டிருக்கும், 5 வருஷத்துக்கு மேல ஆச்சுன்னா மாத்தச் சொல்லுங்க. கொக்கி, தாழ்ப்பாள் எல்லாம் போற போக்குல பாத்தா போதும்.

பீரோவத் தொறக்கறது, ஃப்ரிட்ஜ எட்டிப் பாக்கறது, யாரு இந்த விருந்தாளின்னு விசாரிக்கறது இதெல்லாம் நம்ம வேலை இல்ல. போட்டோ எடுக்கணும்னா கேட்டுட்டு எடுங்க, குடி வரும்போது எடுத்த அதே கோணத்துல எடுத்தாத்தான் பின்னாடி பேச்சு வராது.

யாரு செலவுன்னு சண்டை வந்தா, அக்ரிமெண்ட்ல வேற மாதிரி எழுதிக்கலன்னா சட்டத்துல பட்டியலே இருக்கு. குழா வாஷர், சுவிட்சு, சாக்கெட்டு, கீசர் ரிப்பேர், ஜன்னல் கண்ணாடி எல்லாம் குடித்தனக்காரங்க பாத்துக்கணும், கட்டட ரிப்பேர், பைப் மாத்தறது, வயரிங், வெள்ளையடிக்கறது நம்ம தலைல. ஆமா, வெள்ளையடிக்கறதும்தான், காலி பண்ணும்போது பெயிண்டுக்குன்னு ஒரு மாச வாடகைய புடிச்சிக்கற நம்ம ஊரு வழக்கத்த அதோட சேத்து யோசிச்சுக்கோங்க.

பாத்துட்டு வந்த அன்னைக்கே என்னென்ன, எந்தத் தேதிக்கு ஆள் வரும்னு வாட்ஸ்அப்ல போட்டுடுங்க, சொன்ன தேதிக்கு ஆள அனுப்பலன்னா அடுத்த தடவை அவங்க எதுவும் சொல்ல மாட்டாங்க. இப்ப அந்த அக்காவே போட்டோ எடுத்து அனுப்பறாங்க, போன வாரம் வந்தது டேங்க் மூடி காத்துல பறந்துருச்சுன்னு, அத இன்னும் வாங்கிக் குடுக்கல, இன்னைக்கு சாயங்காலம் போகணும்.