தூண் நிழலில் நின்ற முகம்: லேயர் மாஸ்க்கில் வேலை செய்யும் முறை

திருமணப் படங்களைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். கோயில் மண்டபத்தில் எடுத்த படங்களில் ஒரே சிக்கல் திரும்பத் திரும்ப வரும். பெண்ணின் அப்பா தாரை வார்க்கக் கை நீட்டி நிற்கிறார். காலை வெயில் சாய்வாக வந்து அவர் கையிலும் பட்டு வேட்டியிலும் விழுகிறது. முகம் மட்டும் தூணின் நிழலில். முகம் தெரிய வேண்டுமென்று படம் முழுவதற்கும் வெளிச்சத்தைக் கூட்டினால் வேட்டியின் மடிப்பும் சரிகையும் கரைந்து வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். அந்தக் குடும்பம் ஆசையாக எடுத்த வேட்டி அது. அதையும் காப்பாற்ற வேண்டும், முகத்தையும் மீட்க வேண்டும். அதற்குத்தான் லேயர் மாஸ்க். லேயர் என்பது படத்தின் மேல் கண்ணாடித் தாள்போல் வைக்கும் ஓர் அடுக்கு; அந்த அடுக்கு எங்கே தெரிய வேண்டும், எங்கே மறைய வேண்டும் என்று சொல்வது மாஸ்க்.

போட்டோஷாப்பில் லேயர் பட்டியலின் அடியில், பாதி கருப்பும் பாதி வெள்ளையுமான வட்டக் குறி இருக்கும். அதில் 'கர்வ்ஸ்' எடுங்கள்; ஒரு கோட்டை வளைத்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி அது. கோட்டின் நடுப்பகுதியைப் பிடித்து மெல்ல மேலே இழுங்கள். இப்போது முகத்தை மட்டும் பாருங்கள். வேட்டி வெளுத்துப் போவதைக் கண்டு கையை நிறுத்த வேண்டாம். அடியில் இருக்கும் படத்தை இந்த லேயர் தொடவே இல்லை. 1996-இல் வந்த நான்காம் பதிப்பில்தான் இப்படித் தனி லேயராக நிற்கும் திருத்தம் கிடைத்தது. அதற்கு முன் கர்வ்ஸ் நேரே படத்தின் மீதே விழும்.

புதிய லேயருடன் ஒரு வெள்ளைப் பெட்டியும் சேர்ந்தே வரும். அதுதான் மாஸ்க். வெள்ளை இருக்கும் இடத்தில் திருத்தம் தெரியும், கருப்பில் மறையும், சாம்பலில் அதன் அளவுக்கு ஏற்ப அரைகுறையாகத் தெரியும். பெட்டியைச் சொடுக்கிக் கன்ட்ரோல் விசையுடன் 'ஐ' அழுத்துங்கள். மாஸ்க் முழுக்கக் கருப்பாகும், படம் பழைய நிலைக்குத் திரும்பும். இனி முகத்தில் மட்டும் வெள்ளை தீட்ட வேண்டியதுதான். 'பி' அழுத்தினால் பிரஷ் வரும். 'டி' அழுத்தினால் முன்நிறம் வெள்ளையாகும். 'எக்ஸ்' கருப்பையும் வெள்ளையையும் இடம் மாற்றும்.

பிரஷ்ஷின் 'ஹார்ட்னஸ்', அதாவது விளிம்பின் கூர்மை, சுழியமாக இருக்கட்டும். 'ஃப்ளோ', அதாவது தடவும்போது இறங்கும் நிறத்தின் அளவு, பத்து முதல் பதினைந்து சதவீதம் போதும். நூறில் வைத்து ஒரே இழுப்பில் தீட்டினால் முகத்தை வெட்டி ஒட்டியதுபோல் இருக்கும். பாதி முகத்தை மூடும் அளவு பெரிய பிரஷ்ஷால் கன்னம், நெற்றி, மூக்கு என்று இரண்டு மூன்று முறை தடவுங்கள். வெளிச்சம் வரும் பக்கம் கூடுதலாக, காதோரமும் தாடையின் அடியிலும் குறைவாக. நிழல் அங்கே இருந்தால்தான் முகம் முகமாக இருக்கும். கை தவறிச் சட்டையில் பட்டால் 'எக்ஸ்' அழுத்திக் கருப்பால் தடவினால் சரியாகிவிடும்.

ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பேன். முகத்துக்கு வெளிச்சம் கொடுப்பது வேறு, நிறத்தை வெளுக்க வைப்பது வேறு. 'இன்னும் கொஞ்சம் சிவப்பாக்குங்கள்' என்று கேட்டால் மறுத்துவிடுவேன். எந்த அளவில் நிறுத்துவது என்று படமே சொல்லும்: வெயிலில் நீண்டிருக்கும் அவர் கையைப் பாருங்கள். முகம் அந்தக் கையைவிடச் சற்று மங்கலாகவே இருக்க வேண்டும். நிழலில் நிற்பவர் அல்லவா? கர்வ்ஸ் லேயரின் கலப்பு முறையை 'லூமினாசிட்டி' என்று மாற்றிவிட்டால் பிரகாசம் மட்டும் கூடும், தோலின் சாயல் ஆரஞ்சுப் பக்கம் ஓடாது.

சரிபார்க்க இரண்டு வழிகள். ஆல்ட் விசையுடன் மாஸ்க் பெட்டியைச் சொடுக்கினால் மாஸ்க் மட்டும் தெரியும். விட்டுப்போன ஓட்டைகள் உடனே கண்ணில் படும். ஷிஃப்ட்டுடன் சொடுக்கினால் மாஸ்க் தற்காலிகமாக விலகும்.

ஆல்பத்தின் முதல் பக்கத்தில் தாத்தா பாட்டி படத்தைத் தனி லேயராக வைத்திருக்கிறீர்கள், திருத்தம் அதற்கு மட்டும் வேண்டும் என்றால் தீட்டும் வேலையே இல்லை. கர்வ்ஸை அந்த லேயருக்கு நேர் மேலே வைத்து, இரண்டுக்கும் நடுவிலுள்ள கோட்டை ஆல்ட் விசையுடன் சொடுக்குங்கள். கீழ்நோக்கிய சிறு அம்பு தோன்றும். அதன் பிறகு அடியிலுள்ள பின்னணி மாறாது. அதே படத்துக்கு லேயர் ஸ்டைலில் 'டிராப் ஷேடோ' என்ற நிழல் கொடுத்து, கீழ்ப்பகுதியை மாஸ்க்கால் மறைத்தால், நிழல் மாஸ்க்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வரும். லேயர் ஸ்டைல் சாளரத்தின் 'பிளெண்டிங் ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'லேயர் மாஸ்க் ஹைட்ஸ் எஃபெக்ட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மறைத்த இடத்தில் நிழலும் மறையும்.

இலவச மென்பொருளான கிம்ப்பிலும் இதைச் செய்யலாம். படத்தின் லேயரை நகலெடுத்து, நகலில் கர்வ்ஸ் போட்டு, அதற்குக் கருப்பு மாஸ்க் சேர்த்துத் தீட்டுங்கள். ஒவ்வொரு முறையும் மாஸ்க் பெட்டியைச் சொடுக்கிய பிறகே பிரஷ்ஷை எடுங்கள். தொடக்கத்தில் அதைக் கவனிக்காமல் ஒரு மணப்பெண்ணின் நெற்றியில் நேரடியாக வெள்ளை பூசி, அரை நாள் வேலையை மறுபடி செய்திருக்கிறேன்.

கோப்பை போட்டோஷாப்பின் சொந்த வடிவமான பிஎஸ்டியில் கட்டாயம் சேமியுங்கள். ஜேபெக் வடிவில் லேயர்கள் தங்காது. மாதிரி அச்சில் அப்பாவின் முகம் திரையில் பார்த்ததைவிட மங்கலாக வந்தால், கர்வ்ஸ் கோட்டை இன்னும் ஓர் இழை மேலே இழுத்து மறுபடி அச்சிடலாம். தீட்டிய மாஸ்க் அப்படியே இருக்கும்.